யார் பேரில்?

1996 ஜூன். அறந்தாங்கியில் எங்கள் வீட்டுக் கூடம். அப்பா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பணிக்கொடையும் வைப்பு நிதியுமாக மூன்று லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகக் கைக்கு வந்திருந்தது. எங்கள் வீடு அதுவரை ஒருசேரப் பார்த்திராத தொகை. பெரியப்பா வந்திருந்தார். அத்தை வந்திருந்தார். பட்டுக்கோட்டையிலிருந்து தாய்மாமாவும் வந்து சேர்ந்ததும், எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு அம்மா அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டார். நான் கல்லூரி முடித்து வீட்டில் இருந்த நேரம். ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரம் பேசினார்கள். எதில் போட்டால் எத்தனை சதவீதம் கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்விகள் வேறு. “அந்த ஆளை நமக்கு யார் மூலமாத் தெரியும்?” “அவசரம்னா ராத்திரியோட ராத்திரியா பணமாக்க முடியுமா?” “நாளைக்கு நாலு பேர் கேட்டா சொல்லிக்கிற மாதிரி இருக்குமா?” கடைசியில் பெரியப்பா கேட்டார்: “சரி, யார் பேர்ல?” அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே ஆரம்பித்தது.

பணம் நான்காகப் பிரிந்தது. ஒரு லட்சம், என் கல்யாணத்துக்கு நகை. ஒரு லட்சம் வங்கியில் வைப்பு, அப்பா பேரில். ஐம்பதாயிரத்துக்கு ஊருக்கு வெளியே ஒரு மனை, அண்ணன் பேரில். மிச்சம், தாய்மாமாவுக்குத் தெரிந்தவர் ஏஜென்டாக இருந்த ஒரு பைனான்ஸ் கம்பெனியில், மாதா மாதம் வட்டி வரும் என்று அம்மா பேரில்.

சேமிப்பு பற்றியும் கடன் பற்றியும் எழுதும் வேலைக்கு வந்த பிறகு, ‘நம் மக்களுக்கு முதலீட்டு விழிப்புணர்வு போதாது’ என்று மேடைகளில் சொல்லக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கூடம் எனக்கு நினைவுக்கு வரும். அங்கே இருந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அப்பா கணக்கு வாத்தியார். கூட்டு வட்டியை முப்பது வருடம் கரும்பலகையில் போட்டுக் காட்டியவர். அன்று அவர் மனசுக்குள் ஓடிய கணக்கு வேறு. மகளுக்குச் செய்ய வேண்டியது, மகனுக்குச் சேர வேண்டியது, மைத்துனர் சொல்லுக்குத் தர வேண்டிய மரியாதை. நாம் முதலீடு என்று எதைச் சொல்கிறோமோ, அது தமிழ்க் குடும்பத்தில் பாகப்பிரிவினையின் இன்னொரு பெயராகவே இருந்திருக்கிறது. பவுனும் சீட்டும் மனையும் ஏன் இன்னும் இப்படி ஆளுகின்றன என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் அங்கேதான் கிடைக்கிறது.

*கழுத்தில் ஏறிய பங்கு*

ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழு, தருண் ராமதுரை தலைமையில் 2017-இல் ஓர் அறிக்கை தந்தது. சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 84 சதவீதம் வீடு, நிலம் முதலான கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் இருக்கிறது. 11 சதவீதம் தங்கம். வங்கி வைப்பு, காப்பீடு, பங்கு எல்லாம் சேர்த்து வெறும் 5 சதவீதம். தங்கத்தின் பங்கு தென் மாநிலங்களில் இன்னும் கனமானது என்பதை நம் ஊர்க் கல்யாண வீடுகளைப் பார்த்தவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தங்கத்தின் மேல் நமக்கு இருப்பது ஆசை மட்டும் என்று நினைப்பது தவறு. நிலம் மகனுக்குப் போன சமூகம் இது. புகுந்த வீட்டுக்குப் போகும் பெண் நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வயலில் அவளுக்கு மறுக்கப்பட்ட பங்குக்கு ஈடாக ஏதோ கொஞ்சம் அவள் கழுத்திலும் கையிலும் ஏறியது. ‘என்ன போட்டு அனுப்பினீங்க?’ என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பவுன் கணக்கில்தான் பதில் சொல்வார்கள். பெண்ணுக்குச் சேர வேண்டியதைச் சட்டம் தராத காலத்தில், பவுன்தான் சட்டமாக இருந்தது.

அரசு இந்தப் பிடியைத் தளர்த்தப் பலமுறை முயன்றிருக்கிறது. சீனப் போருக்குப் பின், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 1963-இல் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று விதி வந்தது. பொற்கொல்லர்களின் பிழைப்பு போனது. சில ஆண்டுகளிலேயே அந்த வரம்பைக் கைவிட வேண்டி வந்தது. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-இல் ரத்தானது. நான்கு வருடம் கழித்து வருமான வரித்துறையே ஒரு சுற்றறிக்கை விட்டது: சோதனைக்குப் போகும் வீட்டில் மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை நகையைக் கைப்பற்ற வேண்டாம் என்று. 500 கிராம் என்றால் அறுபத்திரண்டரைப் பவுன். சட்டம் வழக்கத்துக்கு விட்டுக்கொடுத்த இடம் அது.

கணக்காகப் பார்த்தாலும் அந்தக் கூடத்தில் எடுத்த முடிவு சோடை போகவில்லை. 1996-இல் பவுன் நாலாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 டிசம்பரில் சென்னையில் ஒரு பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு. அதே 1996-இல் சென்செக்ஸ் மூவாயிரம், நாலாயிரத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. 2025 முடிவில் 85 ஆயிரத்தை ஒட்டி வந்தது. அதுவும் இருபது, இருபத்தைந்து மடங்கு. ஈவுத்தொகையைச் சேர்த்தால் இன்னும் மேலே. பாட்டி சொன்னதைக் கேட்டு நகை வாங்கியவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உண்டு. உலகச் சந்தையில் 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், அந்த உயரத்தை மறுபடி பார்க்க 2008 வரை காத்திருந்தது. 2011-இல் 1,900 டாலரைத் தொட்டது, 2015 முடிவில் 1,050-க்கு இறங்கியது. பழைய உச்சத்தைத் தாண்ட 2020 ஆயிற்று. ரூபாய் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்ததால் அந்த வறட்சி நம் ஊரில் அவ்வளவாக உறைக்கவில்லை. இப்போதைய விலையை மட்டும் பார்த்து எல்லாச் சேமிப்பையும் பவுனாக்கும் இளம் தம்பதிகளிடம் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டாவது ஓட்டை பெரியது. அந்த இருபத்தைந்து மடங்கு யார் கைக்கும் வரவில்லை. செய்கூலியும் சேதாரமும் வாங்கிய அன்றே கழிந்துவிட்டன. நகையை யாரும் விற்பதில்லை. அடகுதான் வைப்பார்கள். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அண்ணன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது வங்கிக்குப் போனது. ஆழ்துளைக் கிணறு போட்டபோது போனது. அப்பாவின் அறுவை சிகிச்சைக்குப் போனது. ஒவ்வொரு முறையும் மீட்டு வந்தார்கள். ஒரு முறை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்தார்கள். பாட்டியின் காசுமாலை கடைக்காரரிடம் மூழ்கியே போனது. அதைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார்கள். நகை பெண்ணின் சொத்து என்கிறோம். அதை எப்போது கழற்றுவது என்று முடிவு செய்தவர் எங்கள் வீட்டில் ஒருநாளும் அம்மாவாக இருந்ததில்லை.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது வரைவு விதிகள் கொண்டுவந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த பதற்றத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நகை தன்னுடையதுதான் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்றது வரைவு. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வளையலுக்கு யாரிடம் ரசீது இருக்கும்? எதிர்ப்பு வலுத்தது. முதலமைச்சர் கடிதம் எழுதினார். ஜூனில் வந்த இறுதி விதிகள் இறங்கி வந்தன; இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றானது. விதைப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் நகையை வைத்து ஓடுகிற மாநிலத்தில் இது சாதாரண வங்கி விவகாரமாக எப்படி இருக்க முடியும்?

அரசே பவுனிலிருந்து விலகி வந்த ஒரு கதையும் இங்கே உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் 1989-இல் ஆரம்பித்தது. 2011-இல் அதோடு தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016-இல் 8 கிராம் ஆனது. 2022-இல் அதே அம்மையார் பெயரிலேயே திட்டம் மாறியது: அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், புதுமைப்பெண் திட்டம். தங்கம் நின்றதில் வருத்தப்பட்ட தாய்மார்களை எனக்குத் தெரியும். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், கல்யாணத்தன்று ஒரு முறை கைக்கு வருவதைவிட, மாதா மாதம் தன் வங்கிக் கணக்கில் ஏறும் ஆயிரம் ரூபாய் ஒரு பெண்ணைப் பணத்தோடு அதிகம் பழக்குகிறது.

*நாணயம் என்றால்*

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர், சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றுதான் பெயர். ஏலச்சீட்டு இந்த இரட்டை அர்த்தத்தின் மேல் நிற்கிறது.

அம்மா பிடித்த சீட்டு நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. இருபது பேர், மாதம் ஐயாயிரம், இருபது மாதம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. ஒவ்வொரு மாதமும் ஏலம். அவசரம் உள்ளவர் அதிகம் தள்ளி எடுப்பார். தள்ளிய தொகையில் சீட்டுப் பிடிப்பவரின் ஐயாயிரம் போக, மிச்சம் கசராக எல்லோருக்கும் பிரியும். முதல் மாதம் இருபத்தைந்தாயிரம் தள்ளிப் போகிற சீட்டு, சீராகக் குறைந்து கடைசியில் ஐயாயிரத்தில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் எடுத்தவர் உண்மையில் கடன் வாங்கியிருக்கிறார். அவர் கட்டும் வட்டி நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய இரண்டு ரூபாய், ஊர் பாஷையில் ரெண்டு வட்டி. கடைசி வரை பொறுத்திருந்து எடுத்தவர் கட்டியது தொண்ணூறாயிரம், வாங்கியது தொண்ணூற்றைந்தாயிரம். ஆண்டுக்கு ஏழு சதவீதத்தைச் சுற்றி வரும். அஞ்சலக ஆர்.டி. தருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அஞ்சலகப் பணத்துக்குப் பின்னால் அரசு நிற்கிறது. சீட்டுப் பணத்துக்குப் பின்னால் நிற்பது சீட்டு பிடிப்பவரின் நாணயம் மட்டும்.

அப்படியிருந்தும் ஏன் சீட்டு? அம்மாவிடம் கேட்டேன். “ஆர்.டி. கட்டலைன்னா யார் கேப்பா? சீட்டு கட்டலைன்னா மறுநாள் கோயில்ல எந்த முகத்தோட போய் நிக்கிறது?” என்றார். சேமிக்கும் மனவுறுதியைத் தனியாளாக இருந்து உண்டாக்கிக்கொள்வது கடினம். இருபது பேர் சேர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அது தானாக வருகிறது. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் கிடந்த சிறுவாட்டுக் காசு கூடத்துக்கு வந்து கணக்கானது சீட்டால்தான். 1989-இல் தர்மபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியபோது அவை இவ்வளவு வேகமாக வேர்பிடித்ததற்கு, பெண்கள் கையில் சீட்டு நோட்டு ஏற்கெனவே இருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்து மொய் விருந்தும் இதே மண்ணில் முளைத்ததுதான். ஆடி, ஆவணி வந்தால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பந்தல்கள் எழும். ஆட்டுக்கறி விருந்து, வாசலில் வரிசையாக மொய் எழுதும் மேசைகள். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் முறை வரும். அன்று விழும் பணம் வீடு கட்ட, கடை போட, மகனை வெளிநாடு அனுப்ப. பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வட்டி கிடையாது. வாங்கியதைத் திருப்பிச் செய்யும்போது மேலே கொஞ்சம் சேர்த்துச் செய்வார்கள். அந்தக் கூடுதல், இப்போது மொய் வாங்குகிறவர் மேல் புதுக் கடனாக ஏறும். இப்படி நூல் அறாமல் ஓடும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு இந்த ஓட்டமும் தடுமாறியது. மொத்த ஊருக்கும் ஒரே நாளில் அடி விழுந்தால் யார் யாருக்கு மொய் செய்வது? ஊரை நம்பிய சேமிப்புக்கு அதுதான் எல்லை.

*தெரிந்தவர்*

1996-இல் அம்மா பேரில் போட்ட பணத்துக்கு ஒன்றரை வருடம் வட்டி வந்தது. பிறகு நின்றது. ஒருநாள் அலுவலகமும் பூட்டிக் கிடந்தது. தாய்மாமா எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அண்ணனை எப்படிடி கேக்குறது?” என்றார் என்னிடம். புகார் கொடுக்கவில்லை. பணம் போனதைவிட, அண்ணன் மூலமாகப் போனது என்பதே அவருக்குப் பெரிய துக்கம்.

அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்க இப்படி எத்தனையோ வீடுகள். 24, 30 சதவீதம் என்று வட்டி சொல்லிப் பணம் திரட்டிய கம்பெனிகள் அடுத்தடுத்து விழுந்தன. முதலீட்டாளர் நலனைக் காக்க 1997-இல் மாநில அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. பொருளாதாரக் குற்றப்பிரிவு, சொத்து முடக்கம், தனி நீதிமன்றம் எல்லாம் வந்தன. ஆனாலும் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு என்று சொல்லிப் பணம் திரட்டிய கம்பெனிகள் 2012-இல் விழுந்தன. 2022-இல் ஆருத்ரா நிறுவனத்தின் மேல் வழக்கு வந்தது. மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியதாகக் குற்றப்பிரிவு சொன்னது. சாய்ந்து விழுந்த மரத்தின் அடியிலேயே திரும்பவும் ஏன் போய் நிற்கிறோம்?

பேராசை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்தக் கம்பெனிகள் எதுவும் விளம்பரத்தை மட்டும் நம்பி வீட்டுக்குள் வந்ததில்லை. வாத்தியாராக, எல்.ஐ.சி. ஏஜென்டாக, சம்பந்தியின் தம்பியாக, ஓய்வுபெற்ற காவல்துறைக்காரராக, தெரிந்தவர் ஒருவரின் முகத்தோடு வந்தன. சீட்டிலும் மொய்யிலும் நூறு வருடமாக நம்மைக் காப்பாற்றிய அதே பழக்கம்தான் இங்கே கதவைத் திறந்துவிட்டது. சீட்டில் தெரிந்தவர் கண்ணெதிரே இருக்கிறார். பணம் எங்கே போகிறது என்பது இருபது பேருக்கும் தெரியும். இங்கே தெரிந்தவர் வாசலில் நிற்கிறார், பணம் யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போகிறது. வட்டி ஒழுங்காக வந்த முதல் ஆறு மாதத்தில் அந்தத் தெரிந்தவரும் உண்மையாகவே நம்பியிருப்பார். அதுதான் இதில் மனதை அறுக்கும் விஷயம்.

இது இன்று நேற்று வந்த பலவீனமும் இல்லை. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் என்ற ஆங்கிலேயர் கம்பெனி விழுந்தபோது, வெள்ளைக்காரர் பெயரை நம்பிப் பணம் போட்டிருந்த வக்கீல்களும் விதவைகளும் கோயில் அறக்கட்டளைகளும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்தக் காயத்திலிருந்து எழுந்ததுதான் இந்தியன் வங்கி. வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று பங்கு திரட்ட, 1907 ஆகஸ்ட் 15-இல் கதவு திறந்தது. ஏமாந்தவர்கள் பணத்தைப் பானைக்குள் திருப்பி வைக்காமல், கணக்கு காட்டும் ஒரு நிறுவனத்தைத் தாங்களே கட்டினார்கள். அதன் பின்னும் முன்னும் கும்பகோணத்தில், கரூரில், தூத்துக்குடியில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கென வங்கி கட்டிக்கொண்டதும் இதே வழியில்தான்.

*மண்*

பங்கு என்ற சொல்லைத் தமிழன் முதலில் கேட்பது சந்தையில் இல்லை. பங்காளியிடம்தான். ஒரே நிலத்தில் உரிமை உள்ளவர் பங்காளி. வழக்குப் போடுபவரும் பெரும்பாலும் அவரே. அவ்வளவு சண்டைக்குப் பிறகும் மண்ணின் மேல் உள்ள நம்பிக்கை குறைவதில்லை. ‘மண்ணுல போட்டது வீணாகாது’ என்று பெரியப்பா சொல்வார்.

நகரத்தார் வரலாறு இதற்கு மறுபக்கம். தமிழனுக்குத் துணிச்சல் இல்லை என்பவர்களுக்கு முதலில் இவர்களைக் காட்ட வேண்டும். செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி, பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து, மூன்று வருடக் கணக்கில் மேலாள், அடுத்தாள் என்று முகவர்களை அனுப்பிக் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள். வீட்டுப் பெண்களின் சீதனப் பணத்தையும் சும்மா வைக்காமல், தனிக் கணக்கில் வட்டிக்குப் போட்டவர்கள். 1937-இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பித்தபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. ஆனால் 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மிய உழவர்களால் கட்ட முடியாமல் போனதும், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் இவர்கள் கையில் வந்து விழுந்தது. கேட்டு வாங்கிய நிலம் இல்லை. விலை ஏறட்டும் என்று வைத்திருந்த நிலம். அதோடு பர்மியரின் கசப்பும் வளர்ந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். அதன் பின் சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்கள் வந்தன. மண் அங்கேயே இருந்தது, உரிமை போய்விட்டது.

நம் கதைக்கு வருகிறேன். அண்ணன் பேரில் வாங்கிய மனை அங்கீகாரம் இல்லாத மனை. 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டபோது, விற்கலாம் என்று நினைத்திருந்த அண்ணன் தவித்துப் போனார். மறு வருடம் வந்த வரன்முறைத் திட்டத்தில் பணம் கட்டிச் சரிசெய்தார். இன்றைக்கு அதற்கு நல்ல விலை. ஆனால் இருபது வருடம் அந்த மனை ஒரு ரூபாய் தந்ததில்லை.

எனக்கு மனதில் நிற்பது வேறொரு நிலம். தாத்தா வழியில் வந்த இரண்டு ஏக்கர். தமிழ்நாடு 1989-இலேயே வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்துவிட்டது. நாடு முழுக்க அது வர 2005 ஆயிற்று. அப்பா 2011-இல் இறந்தார். மறு வருடம் பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. “உனக்குத்தான் நகை போட்டாச்சே” என்றார்கள். பொறந்த வீட்டு வாசல் வேண்டும் என்று எனக்கும் இருந்தது. சட்டம் தெரிந்த, அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய பெண் நான். அன்று மை ஒற்றிய கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் திரும்பி வந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. சொத்து, சேமிப்பு பற்றிய பாடத்தை நம் பெண்களுக்கு ஆரம்பிக்க வேண்டுமானால், இந்தக் கையெழுத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

*கைபேசிக்குள் போன சீட்டு*

என் மகளுக்கு இருபத்தாறு வயது. சென்னையில் வேலை. சம்பளம் வந்த மூன்றாம் நாள் பரஸ்பர நிதிக்கான எஸ்.ஐ.பி. தவணை தானாகப் போய்விடுகிறது. “இது சீட்டு மாதிரிதானே?” என்று அம்மா கேட்டபோது அவள் மறுத்தாள். எனக்கென்னவோ அம்மா சொன்னது சரி என்றே பட்டது. மாதத் தவணை, குறிப்பிட்ட தேதி, தவறினால் ஒரு குறுகுறுப்பு. தமிழ்நாட்டுக்கு இது புதுப் பழக்கம் இல்லை. முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து கட்டுகிறோம் என்பதுதான் புதுசு. 2016-17 நிதியாண்டு முழுக்க நாடெங்கும் எஸ்.ஐ.பி. வழியாக வந்தது ஏறக்குறைய 44 ஆயிரம் கோடி ரூபாய். 2024 அக்டோபரில் ஒரே மாதத்தில் 25 ஆயிரம் கோடியைத் தாண்டியது. இவ்வளவு பேர் ஏழு, எட்டு வருடத்துக்குள் மனம் மாறினார்கள் என்றால், அவர்கள் பழகிய மாதக் கணக்கின் உருவத்தில் அது வந்ததும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

சூதாட்டம் என்று பங்குச் சந்தையைப் பெரியவர்கள் விலக்கியது வெறும் பயத்தால் மட்டும் இல்லை. வட மாவட்டங்களில் பாரதக் கூத்தில் சூதாட்டம் நடக்கும் இரவில் ஊரே விழித்திருந்து பார்க்கும்; தருமன் எதையெல்லாம் வைத்து ஆடினான் என்பதைப் படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்வார். அந்த எச்சரிக்கை இன்று தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. எஃப் அண்டு ஓ என்கிற முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் மூன்று வருடத்தில் நஷ்டப்பட்டார்கள் என்று செபி 2024-இல் கணக்குச் சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு வழி காட்டியது டெலிகிராம் குழுவில் இருக்கும் ஒரு குரல். அவர்தான் இந்தத் தலைமுறையின் தெரிந்தவர். அவர் வீடு எங்கே என்றுகூட யாருக்கும் தெரியாது. 1998-இல் தாய்மாமா வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வராமல் இருக்கும் வெட்கமாவது அவருக்கு இருந்தது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. கூடத்தில் பேசி முடிவான பணம் கைபேசிக்குள் போனதும் வீட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அம்மாவின் நகை எங்கே இருக்கிறது, யாரிடம் எத்தனை சீட்டு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் சித்தி மகன் போன வருடம் திடீரென்று இறந்தபோது, அவன் எதில் எவ்வளவு போட்டிருந்தான் என்று அவன் மனைவிக்குத் தெரியவில்லை. கைபேசியின் கடவு எண்ணும் தெரியவில்லை. உரிமை கோரப்படாமல் வங்கிகளில் கிடக்கும் வைப்புத் தொகையைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் உத்கம் என்று ஓர் இணையதளமே தொடங்க வேண்டி வந்தது. அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து மூன்று மாதம் ஒவ்வொன்றாகத் தேடினோம்.

அந்த வேலை முடிந்த வாரம் அறந்தாங்கிக்குப் போயிருந்தேன். என் கணக்குகளையாவது ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். 2006-இல் முதல் முதலாகப் போட்ட ஒரு பரஸ்பர நிதிக் கணக்கு. இத்தனை வருடத்தில் நன்றாக வளர்ந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எவ்வளவு ஆகியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

“யார் பேர்ல இருக்கு?”

“என் பேர்லதாம்மா.”

“உனக்கப்புறம்?”

கீழே நகர்த்திப் பார்த்தேன். நியமனதாரர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. பதினான்கு வருடத்துக்கும் மேலாக நான் மாற்றவே இல்லை. அம்மா அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை என் கையிலிருந்து வாங்கி, பேனாவையும் வாங்கி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல நிதானமாக என் மகளின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, தன் இரட்டை வடச் சங்கிலி என்று எழுதி, அதற்கு நேராகவும் அவள் பெயரையே எழுதினார்.